அலா-பேல் இறக்கத்தில் ஏர் எடுத்தவர்கள்

மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில். அலா-பேல் கணவாயிலிருந்து கீழே இறங்குகிற சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

ஏன் சிரிக்கிறாய் சமத்? பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டுமா? ராத்திரி இப்போது நமக்குத்தான். பனி சரிந்து சாலையை மூடிவிட்டது. விடிகிறவரை கூலைம் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் இந்த அடுப்பைச் சுற்றித்தான் கிடக்க வேண்டும். ஆனால் கதை நடந்தது பட்டப்பகலில். அந்தச் சூப்பை முதலில் குடித்து முடி. இல்லையா, இப்போதே தள்ளி வை. பாதியில் நிறுத்தினால் வீணாகிவிடும். சொல்கிற எனக்கே குமட்டும்.

என் சிநேகிதன் எர்மெக். தொக்தோகுல் ஏரிக்கரையில் தேன் விற்கிறானே, அவன்தான். அவனுக்கு இரண்டு அக்கா. மூத்தவள் அஸில்கான், அவள் புருஷன் தோலொகன். இளையவள் சாய்ரா, அவள் புருஷன் ஷைர்பெக். இந்தச் சகலைகள் இரண்டு பேரும் ஒரு ஜோடி. ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். இன்னொருத்தன் மூட மாட்டான். கல்யாண வீடுகளில் ஷைர்பெக்கைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். அவன் பேசினால் பெண்ணைப் பிரிந்து அழுகிற தாயும் சிரித்துவிடுவாள்.

எர்மெக்குக்குப் பெண் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண்ணின் காதில் கம்மல் போட வேண்டும். போட்டால் நிச்சயம். அந்தக் கம்மலோடுதான் பிஷ்கெக்கிலிருந்து புறப்பட்டார்கள்... தோலொகன், அஸில்கான், ஷைர்பெக். சாய்ரா முன்பே ஊருக்குப் போயிருந்தாள். அக்டோபர் கடைசி.

தோலொகனின் கார் கிழடு. முதல் நாள்தான் பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் வெடித்து, அவனே புதிதாக ஒன்று மாட்டியிருந்தான். குழாயை மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். லாரி ஓட்டுகிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். கூலைம் அக்காவுக்காகச் சொல்கிறேன். அந்தக் காற்றை முழுக்க எடுக்க வேண்டும், ‘ஏர் எடுப்பது’ என்போமே. எடுக்காவிட்டால், மிதிக்கிற பலமெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்தைப் போய்ப் பிடிக்காது.

அவன் இருட்டுகிற நேரத்தில் அவசரமாக எடுத்திருந்தான்.

இறக்கத்தில் நாலைந்து வளைவு தாண்டியதும் பெடல் தொளதொளவென்று ஆனது. பிசைந்த மாவை மிதிப்பது போல. அடுத்த வளைவில் அடிவரைக்கும் போய்விட்டது.

"ஏங்க, வேகமாப் போறீங்க," என்றாள் அஸில்கான்.

"நான் போகல. வண்டி போகுது."

கியரைக் குறைத்தான். கைப் பிரேக்கை இழுத்தான். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கீழே ஆழத்தில் சிச்கான் ஆறு. அப்போதுதான் அந்த மேடை தெரிந்தது.

பழைய நாளில் லாரிக்காரர்களுக்காகச் சாலையோரம் கட்டிவைத்த கான்கிரீட் மேடைகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் புகுந்து வேலை பார்க்கலாம். தோலொகன் ஸ்டியரிங்கை ஒடித்து அதன்மேல் ஏற்றினான். ஏற்றத்தில் வேகம் செத்து வண்டி நின்றது.

ஷைர்பெக் பின் சீட்டிலிருந்து சொன்னான்: "சகலை, அடுத்த வாட்டி எறக்கும்போது என்கிட்டயும் சொல்லிட்டு எறக்கு. என் ஆவி இன்னும் மேல கணவாய்லயே நிக்குது."

இறங்கினார்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். அடியில் போனார்கள்.

அந்த இடம் சுத்தமாக இருந்தது.

சிரிக்காதீர்கள். இப்படிப்பட்ட மேடைக்கு அடியில் என்ன கிடக்கும்? கருப்பு ஆயில், கந்தல் துணி, காலி டப்பா, மனுஷ மலம். அங்கே எதுவும் இல்லை. கான்கிரீட் வெள்ளையாக, வழவழவென்று... நாய் நக்கி வைத்த தட்டு மாதிரி. மழை பெய்து எத்தனையோ நாளாகியும் சுவர் மட்டும் ஈரம். தோலொகன் கையை ஊன்றினான். பிசுபிசுத்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மிச்சம் இருந்த பிரேக் ஆயில், ஸ்பேனர், ஒரு பிளாஸ்டிக் குழாய், காலி தண்ணீர் பாட்டில். எல்லாம் டிக்கியில் இருந்தன. சக்கரத்துக்குப் பின்னால் காற்றைத் திறந்துவிடுகிற நிப்பிள் திருகில் குழாயின் ஒரு முனை. இன்னொரு முனை பாட்டிலுக்குள். ஸ்பேனர் தோலொகன் கையில். பாட்டில் ஷைர்பெக் கையில். அஸில்கான் டிரைவர் சீட்டில்.

"அக்கா!" ஷைர்பெக் அடியிலிருந்து கத்தினான். "அமுக்குன்னா மூணு நாலு வாட்டி மிதிச்சு அப்படியே புடிச்சுக்கணும். விடுன்னு சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடாது."

"எடுத்தா?"

"வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துரும். நம்ம அத்தை மாதிரி. போறேன் போறேன்னு கெளம்புவாங்க, செருப்பு மாட்டுற எடத்துலயே ஒக்காந்துருவாங்க."

"எங்கம்மாவையா சொல்ற? ஊரு வரட்டும். சாய்ராகிட்ட சொல்லி உன் தட்டுல எலும்ப மட்டும் போடச் சொல்றேன்."

"அமுக்கு!" என்றான் தோலொகன்.

அவள் மிதித்துப் பிடித்தாள். அவன் நிப்பிளைத் திறந்தான். குழாயில் கருந்தேநீர் நிறத்தில் ஆயில் வந்தது. கூடவே குமிழ். பொளக்... பொளக்... மூடினான். "விடு!"

மறுபடி. மறுபடி. குமிழ் வந்துகொண்டே இருந்தது. முதலில் மிளகு அளவு. பிறகு பட்டாணி. பிறகு குழாயில் ஆயிலே இல்லை. காற்று மட்டும் புஸ்ஸென்று பாட்டிலுக்குள் இறங்கியது.

"இவ்ளோ காத்த எங்க வச்சிருந்த சகலை? இது காரா, துருத்தியா?"

தோலொகன் எழுந்து போய் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தான். இவ்வளவு வெளியே வந்தால் அது வற்றியிருக்க வேண்டும். விளிம்புவரை நிறைந்திருந்தது. அதன் நிறம் வெளுத்திருந்தது... அரிசி களைந்த தண்ணீர் போல.

திரும்பி அடியில் வந்தபோது ஷைர்பெக் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரேக் ஆயில் வாடை நமக்குப் பழக்கம். லேசான தித்திப்பும் மீன் கவிச்சும். இது வேறு. நாள்பட்ட நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்து அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? பல் விளக்காத, சாப்பாடு இறங்காத, நாக்கில் மாவு படிந்த வாய். அதிலிருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் வந்து அடிக்குமே... அது. அதோடு நனைந்த கம்பளி. அதோடு, வெயிலில் கிடந்த ஆட்டுக் குடல். பாட்டில் வாயிலிருந்து ஆவி பறந்தது.

"ஏங்க..." மேலேயிருந்து அஸில்கான். குரல் சின்னதாக இருந்தது. "எப்பங்க மிதிக்கணும்?"

"சொல்றேன். இப்ப காலை எடு."

"கால வைக்கவே இல்லையே."

ஷைர்பெக் பாட்டிலைப் பார்த்தான். குமிழ் வந்துகொண்டிருந்தது. பொளக்... நின்றது... பொளக்...

"பெடல் தானா கீழ போகுதுங்க. தானா மேல வருது."

"பதறாத. காத்து அழுத்தம்தான். கால வச்சுப் புடி," என்றான் தோலொகன். அப்படி ஓர் அழுத்தம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் வைத்தாள். அடுத்த நொடி கத்தினாள். பாதத்தின் அடியில் பெடல் மெத்தென்று இருந்ததாம். பூட்ஸின் அடியையும் தாண்டிச் சூடு ஏறியதாம். மிதித்ததும் அது திமிறி, அவள் காலை மேலே தள்ளியது. தூங்குகிறவன் வயிற்றில் காலை வைத்தது போல இருந்தது என்று எர்மெக்கிடம் பிறகு சொன்னாள். அந்தப் பூட்ஸை அன்றே ஆற்றில் எறிந்துவிட்டாள். கம்மல் போட வந்த வீட்டுக்குள் அவள் காலுறையோடுதான் நுழைந்தாள்.

தோலொகன் ஸ்பேனரைக் கீழே போட்டான். "போதும். மூடிருவோம். நடந்து போலாம்."

"கம்மல எடுத்துட்டு நடந்து போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணு கெழவியாயிருவா." ஷைர்பெக்குக்குப் பயம் வந்தால் பேச்சு கூடும். "பாரு, குமிழ் நின்னுருச்சு."

நின்றிருந்தது. காற்றும் வரவில்லை, ஆயிலும் வரவில்லை. குழாயின் நடுவில் வெளுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

"அடைப்பு. உள்ள எதுவோ சிக்கியிருக்கு. அத எடுத்துட்டா சரியாயிரும்."

"ஷைர்பெக், வேணாம்."

"நீ டீசல் உறிஞ்சினதே இல்லையா?"

நாம் எல்லாரும் உறிஞ்சியவர்கள்தான். இல்லை என்று யார் சொல்வீர்கள்? டாங்கில் குழாயை விட்டு, வாயை வைத்து இழுத்து, துப்பிவிட்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டியவர்கள். அதனால் அவனை முட்டாள் என்று சொல்லாதீர்கள். அவன் பாட்டிலிலிருந்து முனையை எடுத்தான். சட்டையில் துடைத்தான். வாயில் வைத்து இழுத்தான்.

வெளுப்பு நகர்ந்தது. குழாயில் ஏறியது. தோலொகன் பார்த்துக்கொண்டிருந்தான்... அது ஊர்ந்து, வளைந்து, ஷைர்பெக்கின் உதட்டுக்குள் போனது.

அவன் உடனே துப்பியிருக்க வேண்டும். துப்பத்தான் பார்த்தான். கன்னம் உப்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டியா?"

"நான் முழுங்கல." அவன் எச்சிலைத் துப்பினான். வெறும் எச்சில். "அதுவா போச்சு."

பால் ஆறினால் மேலே ஆடை படியுமே, அதை வாய் நிறைய அள்ளிப்போட்டது போல இருந்ததாம். இளஞ்சூடு. உப்பு. பிறகு முன்பல்லில் ஏதோ உறுத்துகிறது என்று விரலை விட்டான். ஒரு முடி. பிடித்து இழுத்தான். நரைமுடி. வந்தது. இன்னும் வந்தது. மார்புவரை தொங்கியும் முடியவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தபோது, உள்ளே, வயிற்றுக்குப் பக்கத்தில், எதுவோ கூடவே அசைந்தது. அவன் முடியைப் பல்லால் கடித்து அறுத்தான். மிச்சம் சட்டென்று உள்ளே போய்விட்டது. யாரோ இழுத்த மாதிரி.

பார், சமத், நான் சொன்னேன். தள்ளி வை அந்தக் கிண்ணத்தை.

அதற்குப் பிறகு நிப்பிளைத் திறந்தால் ஆயில் தேன் நிறத்தில், சுத்தமாக வந்தது. ஒரு குமிழ் இல்லை. பெடல் கல்லு போல நின்றது. தோலொகனின் கார் புதிதாக வாங்கிய நாளில்கூட அப்படி நின்றிருக்காது.

இறங்கினார்கள். நாலு ஜன்னலும் திறந்திருந்தது, வாடைக்காக. குளிர் அடித்தது. மற்ற இரண்டு பேரின் மூச்சும் வெள்ளையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. அஸில்கான் ஏதோ கேட்கத் திரும்பினாள். ஷைர்பெக் பின் சீட்டில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கெட்டில் மூக்கிலிருந்து வருவது போல. விட்டு விட்டு அல்ல. ஒரே இழையாக.

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண் வீட்டில் நானும் இருந்தேன். இனி நான் கண்ணால் பார்த்தது. பெரிய அறை. விரிப்பு, மெத்தை, நடுவில் விருந்து. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கென்று மரியாதையாக ஆட்டு நுரையீரலில் பால் நிரப்பி வேகவைத்து, துண்டு போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளையாக, பஞ்சு போல. தோலொகன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். வெளியே அவன் வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பெண்ணின் தகப்பன் முகம் இறுகியது.

"மலைப் பாதை... ஒத்துக்கல," என்றாள் அஸில்கான்.

"அப்ப பேசுறவரு பேசட்டும்," என்றார் தகப்பன்.

எல்லாரும் ஷைர்பெக்கைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, உதடு மட்டும் சேர்ந்து இறுகியிருந்தது. எழுந்தான். கை இரண்டையும் விரித்தான். நாங்கள் சிரிக்கத் தயாரானோம். அவன் வாயைத் திறந்தான்.

பேச்சு வரவில்லை. உதட்டில் ஒரு குமிழ் வந்தது. வெளுப்பாக. ஊதிக்கொண்டே போய் முட்டை அளவானது. அதற்குள் ஏதோ கலங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. உடைந்தது.

அந்த நாற்றம்... அறை முழுக்கப் பரவியது. பெண்ணின் அத்தை தலைத்துணி நுனியால் மூக்கைப் பொத்தினாள். ஒருவர் கையிலிருந்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலே வைத்தார். நம் ஊரில் ரொட்டி புனிதம், அதை யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், வாயில் கை வைத்தபடி உள்ளே ஓடினாள். எர்மெக் அவள் போன திசையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்ததைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரக்கம் இல்லை. அருவருப்பு. என் கண்ணிலும் அதுதான் இருந்திருக்கும்.

ஷைர்பெக் முற்றத்துக்கு ஓடினான். நானும் தோலொகனும் பின்னால் போனோம். அவன் தோலொகனின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, அமுக்கச் சொல்லி ஜாடை காட்டினான். தோலொகன் அமுக்கினான். காற்று வந்தது. வெதுவெதுவென்று, நீளமாக. அவன் கையை எடுத்த பிறகும் வந்தது. நான் மூச்சை இழுத்து விட்டேன். திரும்ப இழுத்து விட்டேன். எனக்கு அந்த நாற்றத்தில் தலை சுற்றியது. ஷைர்பெக் ஒருமுறைகூட இழுக்கவில்லை. அவன் மூச்சு வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எங்கிருந்துடா வருது இவ்ளோ?" என்றான் தோலொகன். அழுதுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம் என்றார்கள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்துக் கேட்ட டாக்டர், பிறகு அதைக் கழற்றி, வெந்நீரில் கழுவப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

குளிர்காலம் முழுக்க இருந்தான். பேச முடியாது. பேச்சுக்கு மூச்சைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அதுதான் நிற்காதே. சாய்ரா ஜன்னல்களைத் திறந்து வைத்து, பனிக்குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்து அறையில் படுத்தாள். "எனக்கு அவர் மேல பாசம் போகலடா," என்று தம்பியிடம் சொன்னாளாம். "மூக்குதான் மாட்டேங்குது. சோறு ஊட்டும்போது முகத்தத் திருப்பிக்கிறேன். அவர் அதப் பாக்குறார்." பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவானாம், பரவாயில்லை என்று.

பனி உருகத் தொடங்கியபோது இறந்தான். இறந்ததில் சந்தேகம் இல்லை. உடம்பு விறைத்துப் போயிருந்தது. தொட்டால் பனிக்கட்டி. டாக்டர் வந்து பார்த்து எழுதியும் கொடுத்தார். வழக்கப்படி முற்றத்தில் கூடாரம் போட்டு, அடுப்பில்லாமல், திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். குளிப்பாட்டியவர்கள் தோலொகனும் எர்மெக்கும். முகத்தின் மேல் மெல்லிய துணியைப் போட்டார்கள்.

துணி வாய்க்கு நேராக மேலே எழும்பியது. அப்படியே நின்றது. விழவில்லை.

தொழுகை நடத்த வந்த மோல்தோ அதைப் பார்த்தார். அது விழட்டும் என்று உட்கார்ந்தார். மத்தியானம் போய் வெயில் சாய்ந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் அவரே எழுந்து, "செத்தவங்களக் காக்க வைக்கக் கூடாது," என்றார். கனமான கம்பளியைச் சுற்றித் தூக்கிப் போனார்கள்.

குழிக்குள் பக்கவாட்டில் குடைந்த அறையில் வைத்து, அந்த அறையின் வாசலைச் செங்கல்லால் அடைத்தார்கள். இடுக்கில் ஈர மண் பூசுகிற வேலை எர்மெக்குக்கு. பூசினான். மண் உப்பி, குமிழ் விட்டு, உடைந்தது. அதன்மேல் பூசினான். அதுவும் உப்பியது. மேலே நின்றவர்கள் மூக்கைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். கடைசியாக ஒரே ஓர் ஓட்டை. விரல் நுழைகிற அளவு. அதிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்தது. எர்மெக் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஓட்டையில் விரலை வைத்து அடைத்தான்.

காற்று நின்றது.

உள்ளே நிசப்தம். மேலே இருந்தவர்கள்கூட "அப்பாடா" என்றார்கள். எர்மெக் விரலை எடுக்கப் பார்த்தான்...

அப்போதுதான், அந்த அக்டோபரிலிருந்து முதல் தடவையாக, அது மூச்சை உள்ளே இழுத்தது.